திடலுக்குக் கட்டணம் கூடாது

கல்வி, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றில் பின்தங்க வைக்கப்பட்ட சிறாரின் வாழ்க்கையை மேம்படுத்துவதற்கு விளையாட்டைக் கருவியாகக் கையாளும் முறை 'வளர்ச்சிக்கான விளையாட்டு' எனப்படுகிறது. இதற்கு முன்மாதிரியைச் சென்னை வெளியே தேட வேண்டியதில்லை. பள்ளியிலிருந்து இடைநின்ற பிள்ளைகளைக் கால்பந்தின் வழியே மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துவரும் பணி வியாசர்பாடியில் 1997 முதல் நடந்துவருகிறது. இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகரும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவரே.

அத்தகைய நகரில், செயற்கைப் புல்தரை கொண்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க வழிசெய்யும் தீர்மானத்தை 2024 அக்டோபர் இறுதியில் மாநகராட்சி மன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததும் கட்டணம் கைவிடப்பட்டது என்றாலும், அதற்குப் பின்னிருந்த சிந்தனை கைவிடப்பட்டதாகக் கொள்ள இயலாது. மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடும் சிறுவனுக்கு அக்கணக்கில் 3,120 ரூபாய் ஆகும். கூலி வேலையை நம்பிய குடும்பம் அத்தொகையைக் கொடுக்காது, பிள்ளையைத் திடலுக்கு அனுப்புவதையே நிறுத்திவிடும்.

பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் வரிப்பணத்திலிருந்து செலவிடும் நிர்வாகம் திடலை மட்டும் வருவாய் இனமாகக் கருதுவதற்குக் காரணம் இல்லை.

விளையாட்டு தானாகவே வறுமையைப் போக்கிவிடாது. பள்ளி முடிந்து பெற்றோர் வீடு திரும்பும் வரையுள்ள மாலைப் பொழுதில், பிள்ளையின் பெயரும் வீட்டு நிலையும் அறிந்த, நாள் தவறாமல் வரும் பயிற்சியாளர் ஒருவர் இருக்கும்போதே அது பயன் தருகிறது. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் அதை முதலில் கவனிப்பவர் அவர்தான். கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கப்பட்ட இளைஞர் விளையாட்டுச் சங்கம், குப்பை அகற்றும் பணிக்கும் அணிகளுக்குப் புள்ளி வழங்கி, ஆட்டத்தையும் குடியிருப்பின் தேவையையும் ஒரே ஏற்பாட்டில் இணைத்தது. அந்த ஏற்பாட்டைத் தாங்கியது ஆண்டுக்கணக்கான தொடர்ச்சியே.

இங்கோ கவனமெல்லாம் வென்றவர்மீதே குவிகிறது. நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பக்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்ற பிறகே பலரும் அக்குடியிருப்பின் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசினர். பரிசுத் தொகையும், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடும் வேண்டியவையே. எனினும் அவை பதக்க மேடையை எட்டிய சிலருக்கு மட்டுமே உதவுகின்றன.

ஆகவே, மாநகராட்சித் திடல்களில் மாலை நான்கு முதல் ஏழு மணி வரை சிறாருக்குக் கட்டணமற்ற நேரம் என்பதை, அடுத்த மன்றம் எளிதில் மாற்ற இயலாதபடி விதியாக்க வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளில் தொடங்கி, மாத ஊதியம் பெறும் பயிற்சியாளர்களுக்கும், சிறுமியர் தயங்காமல் வருவதற்கான கழிவறை, விளக்கு வசதிகளுக்கும் வரும் வரவுசெலவுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்கீடு செய்ய வேண்டும்.