கேலிக்குள்ளான குரல்



பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கண்கொட்டாமல் காணும் சித்திரத் தொடர்களுள் ‘டோரேமான்’ ஒன்று. 22ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த நீல நிற இயந்திரப் பூனை, படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கிய நோபிதா என்னும் சிறுவனுக்குத் துணை நிற்கும் கதை அது. தமிழில் நாம் கேட்பது நம் நாட்டுக் கலைஞர்களின் குரல். ஆனால், அதன் தாயகமான ஜப்பானில் ஏறத்தாழ 26 ஆண்டுகள் அப்பூனைக்காகப் பேசியவர் யார் தெரியுமா? நொபுயோ ஓயாமா என்னும் பெண்மணி!

1933ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்த அவருக்கு இயல்பிலேயே கரகரத்த, தடித்த குரல். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அவர் பெண்கள் பள்ளியொன்றில் சேர்ந்தார். வாய் திறந்தாலே உடன் பயிலும் மாணவியர் சிரித்தனர். வெட்கமுற்ற அச்சிறுமி பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

மகளின் மௌனத்திற்குக் காரணமறிந்த தாயார் என்ன செய்தார்? மகளோடு சேர்ந்து கண்ணீர் வடிக்கவில்லை. பள்ளியை மாற்றவும் இல்லை. ஓர் உறுப்பு பலவீனமாயிருக்கிறதென்று அதற்கு வேலை கொடாதிருந்தால் அது மேலும் பலவீனமடையும். குரலும் அவ்வாறே என்று எடுத்துரைத்தார். குரலைப் பயன்படுத்தும் குழுவிலேயே சேரும்படி அறிவுரை கூறினார். மகளும் பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் நாடகப் பயிற்சியும் பெற்று நடிகையானார்.

டோரேமான் கதை முதன்முதலாகத் தொலைக்காட்சிக்கு வந்தது 1973இல். அத்தொடர் ஏறக்குறைய ஆறு மாதங்களில் முடிந்துபோயிற்று. 1979 ஏப்ரலில் புதிய தொடர் தொடங்கியபோதுதான் ஓயாமாவின் குரல் அப்பூனைக்கு வாய்த்தது. கதையைப் படைத்த ஓவியர் ஃபுஜிகோ ஃபுஜியோ அதைக் கேட்டு, டோரேமானின் குரல் இப்படித்தான் இருக்கும் போலும் என்று வியந்தாராம். எந்தக் குரலைக் கேட்டு வகுப்பறை நகைத்ததோ, அதே குரலுக்காக ஒரு நாட்டின் குழந்தைகள் காத்திருந்தனர்!

இப்பணி எளிதென்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானியக் கலைஞர்கள் பெரும்பாலும் ஓர் அறையில் ஒன்றுகூடியே குரல் பதிவு செய்வர். திரையில் படம் ஓடும். கையில் வசன ஏடு இருக்கும். தம் முறை வந்ததும் ஒலிவாங்கியின் முன் சென்று, சித்திரத்தின் வாயசைவுக்கு ஏற்பப் பேசிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு ஓசையின்றி விலக வேண்டும். தாள் புரளும் சத்தம்கூடக் கேட்கலாகாது. நோபிதாவுக்குக் குரல் தந்த நொரிகோ ஒஹாராவும் ஒரு பெண்மணியே. முக்கியப் பாத்திரங்கள் ஐவருக்கும் அதே ஐந்து கலைஞர்கள் 2005 வரை குரல் கொடுத்து, ஒரு குடும்பம் போலவே வாழ்ந்தனர்.

இங்கே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு குழந்தையைப் பேணுவதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்திற்கு எவரும் இழிசொற்களைக் கற்பித்திருக்க மாட்டார்கள் என்பது ஓயாமாவின் எண்ணம். எனவே, தம் பூனையைப் பண்போடு பேசவைத்தார், கடுஞ்சொற்களைத் தவிர்த்தார். கற்பனை இயந்திரத்தின் நாவுக்கே இத்துணைக் காவல் என்றால், நாம் பெற்ற பிள்ளைகளின் செவியில் விழும் நம் சொற்களுக்கு எத்துணைக் காவல் வேண்டும்?

2001இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். மீண்டு வந்து பணியைத் தொடர்ந்தார். 2005 மார்ச்சில் இளையோருக்கு வழிவிட்டு விலகினார். பிற்காலத்தில் மறதி நோய் அவரைப் பற்றியது. 2015இல் அதை உலகுக்கு அறிவித்த கணவர், மனைவியைப் பேணிவந்த நிலையில் 2017இல் தாமே முந்திச் சென்றார். 2024 ஜூலையில் ஒஹாரா மறைந்தார். செப்டம்பர் 29 அன்று, தம் 90ஆம் வயதில், ஓயாமாவும் விடைபெற்றார். நோபிதாவின் குரலும் டோரேமானின் குரலும் ஒரே ஆண்டில் ஓய்ந்தன.

வாசகர்களே! நம் இல்லங்களிலும் திக்கிப் பேசும் மகன் இருக்கக்கூடும். குரல் தடித்த மகள் இருக்கக்கூடும். காக்காவும் ராத்தாவும் விளையாட்டாய்ச் சூட்டும் பட்டப்பெயருக்கு நாமும் சிரித்துவிடுகிறோம். விருந்தினர் வந்தால், ‘இவள் வாயைத் திறந்தால் ஆண்பிள்ளைக் குரல்’ என்று நாமே சொல்லிக் காட்டுகிறோம். அக்குழந்தை பின்னர் அடுக்களைப் பக்கம் ஒதுங்கி நிற்பதை மட்டும் கவனிக்கத் தவறுகிறோம்.

கேலி செய்தவர்கள் பலர். தேற்றி வழிகாட்டியவர் ஒரு தாய். அந்த ஒருவரின் சொல்லே வென்றது. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, நம் வீட்டில் அதிகம் பேசாத பிள்ளை எதுவென்று சற்றே கவனியுங்கள். அதன் அருகில் அமர்ந்து, ‘நீ சொல், நான் கேட்கிறேன்’ என்று கூறுங்கள்.