இலை செய்த குற்றம் என்ன?

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மெல்லும் காங்கேசன்துறை உழவரின் வழக்கத்தைக் குற்றமென்று கடல் கடந்த மாநாடொன்று விதித்தால் நாம் பொறுப்போமா? தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலை உழவர்க்கு நேர்ந்தது அதுவே!

கோக்கா இலையைச் சுண்ணாம்புடனோ சாம்பலுடனோ வாயிலடக்கிப் பசியையும் களைப்பையும் தணிப்பது அவர்தம் தொன்மரபு. 1860 இல் அவ்விலையிலிருந்து கோக்கெயினைப் பிரித்தெடுத்தது ஐரோப்பிய ஆய்வுகூடம். ஆங்கிலேயர் அச்செடியைப் பேராதனையில் வளர்த்தனர்; ஒல்லாந்தர் யாவாவில் பெருந்தோட்டமாக்கினர். அன்று அது வாணிபம்! 1961 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ, ஏழை இலை மெல்லும் வழக்கத்தை 25 ஆண்டுகளில் ஒழிக்கப் பணித்தது. அதே உடன்படிக்கை, போதைச்சத்தை நீக்கி அவ்விலையிற் சுவைப்பொருள் செய்வோர்க்கு வழி விட்டது!

கோக்கெயின் குடிகெடுக்கும் நஞ்சு. அதனை ஒடுக்குவது நீதி. பாக்கு புற்றுநோய் தருமென மருத்துவர் எச்சரிப்பதையும் நாம் செவிமடுக்கவே வேண்டும். ஆனால் எச்சரிக்கை வேறு, கட்டளை வேறு.

பொலிவியா அவ்வுடன்படிக்கையை விட்டு வெளியேறி, 2013 இல் இலை மெல்லும் உரிமையை நிலைநாட்டியே மீண்டும் சேர்ந்தது. 1990 இல் தம்மைக் கேளாமலே தோட்டந்துரவை இழந்த நம் உழவர்க்கு இதன் பொருள் விளங்கும்: பயிரிடுவோனைக் கேளாத சட்டம் பயிரோடு அவனையும் வேரறுக்கும்!