பச்சை இலையிலா, போனிலா?

கேள்வி: ‘‘வெள்ளைப் பொன்னி நடவு செய்து 30 நாள்கள் ஆகின்றன. நேரில் பார்த்தால் பயிர் வெளிறித் தெரிகிறது. வீடியோ எடுத்து வேளாண் அலுவலருக்கு அனுப்பினால், ‘நல்ல பச்சையாகத்தானே இருக்கிறது, யூரியா வேண்டாம்’ என்கிறார். கேமராவில் எதை மாற்றினால் சரியான நிறம் வரும்?’’
- ஒரத்தநாடு பகுதி வாசகர்

பதில்: ‘‘முதலில் போனைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்றைய போன்கள் பல, செடி கொடியைக் கண்டாலே பச்சையைத் தூக்கிக் காட்டுகின்றன. கல்யாண வீட்டுக்கு அது அழகு, வயலுக்கு ஆகாது. கேமரா செட்டிங்கில் ‘ஏ.ஐ.’, ‘சீன் ஆப்டிமைசர்’, ‘விவிட்’, ஃபில்டர் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, ‘ஒயிட் பேலன்ஸ்’. இது ஆட்டோவில் இருந்தால், திரை முழுக்கப் பயிர் நிறைந்திருக்கும்போது பச்சையைக் குறைக்கப் பார்க்கும். வரப்புப் பக்கம் திருப்பினால் மறுபடி மாற்றும். ஒரே வீடியோவில் ஒரே இலை இரண்டு நிறமாகத் தெரிவது இதனால்தான். ‘ப்ரோ’ மோடு உள்ள போனில் ஒயிட் பேலன்ஸை 5500-ல் வைத்து, இலையருகே வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாள் நீலம் பாய்ந்திருந்தால் எண்ணைக் கூட்டுங்கள். மஞ்சளாக இருந்தால் குறையுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ‘ப்ரோ’ மோடு இல்லையா? தாளும் இலையும் சேர்ந்தே படத்தில் வரட்டும். பார்ப்பவர் தாளை வைத்துக் கணித்துக்கொள்வார்.

தாளைவிட நல்லது, நெல்லுக்கான இலை வண்ண அட்டை. கேமரா நிறத்தை மாற்றினாலும் அட்டையையும் இலையையும் சேர்த்தேதான் மாற்றும். எனவே ஒப்பீடு பெரிதாகக் கெடாது. காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாமல் உங்கள் உடம்பின் நிழலில், முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வையுங்கள். இலையைக் கிள்ள வேண்டாம். ஒருவரே 10 இலைகளைப் பார்க்க வேண்டும். 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அளவுக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து தேவை.

உங்கள் ரகத்துக்கு அந்த அளவு 3; மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4. அதனால், பக்கத்து வயலைப் பார்த்து ‘வெளிறிவிட்டது’ என்று முடிவுகட்ட வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு யூரியாவை அள்ளி வீசினால் பயிர் சாயும். குலைநோய், இலைச்சுருட்டுப்புழு, புகையான் எல்லாம் தேடிவரும். அலுவலர் சொன்ன முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால், அந்த வீடியோவை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

இலைகள் 3-க்குக் கீழே இருந்தால், அட்டையோடு எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், படம் சுருங்காமல் போகும். கண் கூசாமலிருக்க திரையை மஞ்சளாக்கும் வசதி அலுவலர் போனில் இருந்தால், அதையும் அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.’’