உழைப்பவன் குப்பையா?



காலையில் கடை திறக்கப் போகிறீர்கள். கடை இருந்த இடத்தில் வெறும் மண்மேடு! எப்படித் துடிப்பீர்கள்?

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 2005 மே மாதம் தொடங்கியது இந்தக் கொடுமை. நடைபாதைக் கடைகள், பட்டறைகள், ஏழைகளின் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. தம் வீட்டைத் தம் கையாலேயே இடிக்கப் பலர் கட்டாயப்படுத்தப்பட்டனர். இதற்கு ஆட்சியாளர் சூட்டிய பெயர் 'முரம்பட்ஸ்வினா'. ஷோனா மொழியில், குப்பையை அகற்று என்று பொருள். உழைத்துப் பிழைப்பவன் குப்பையாம்!

நாடெங்கும் சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தனர் என்றது ஐ.நா. தூதர் அன்னா திபைஜுகாவின் அறிக்கை.

'சட்டவிரோதம்' என்றது அரசு. எந்தச் சட்டம்? வெள்ளையர் ஆட்சி 1976இல் இயற்றிய நகரமைப்புச் சட்டம்! அந்த ஆட்சியை எதிர்த்துப் போராடி 1980இல் அரியணை ஏறியவர்களே அதைத் தம் மக்கள் மீது ஏவினார்கள்.

இவர்களைத் தெருவுக்குத் தள்ளியது யார்? உலக வங்கியின் ஆதரவோடு 1991இல் வந்த பொருளாதாரச் சீரமைப்பில் ஆலைகள் மூடின. வேலை இழந்தவர்கள் தெருவில் கடை விரித்தார்கள். வீட்டிலேயே சிறுதொழில் செய்ய 1994இல் விதியைத் தளர்த்தியதும் இதே அரசுதான்! அனுமதித்த கைதான் இடித்தது.

ஏழையின் அடுப்பை அணைத்துவிட்டு நகரத்துக்கு அழகு எதற்கு? 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று எந்த ஊரில், எவன் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். முதலில் கேளுங்கள்: மாற்று இடம் எங்கே?