மாற்றமும் உத்தரவாதமும்

இணைய இணைப்பை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ரூட்டரில் உரிமையாளர் எந்த மாற்றம் செய்தாலும் அதன் உத்தரவாதம் முழுவதும் அற்றுப்போகும் என்ற பரவலான எண்ணம் மறுபரிசீலனைக்குரியது. லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் இயங்கிய லினக்ஸ் மென்பொருளின் மூலநிரல் 2003-இல் வெளியானதும், கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைப் பயனர்களே திருத்தத் தொடங்கினர். 2004-இல் தோன்றிய ஓப்பன்டபிள்யூஆர்டி அம்முயற்சியின் விளைவே. இம்மாற்றம் ஆபத்தற்றது அன்று: புதிய ஃபர்ம்வேர் பதிவாகும்போது மின்சாரம் நின்றுவிட்டால், கருவி விளக்கு மட்டும் மினுங்கும் வெற்றுப் பெட்டியாகிவிடக்கூடும், அவ்விழப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துவது முறையாகாது. ஆனால், அடாப்டருக்குள் மின்தேக்கி உப்பிச் செயலிழந்ததற்கும் மென்பொருள் மாற்றத்தையே காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பது அதனினும் முறையற்றது. உற்பத்தியாளர் தம் உதிரிப்பாகத்தையோ சேவையையோ விலைகொடுத்துப் பெற்றால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை விதிப்பதை அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அதனடிப்படையில், முத்திரை வில்லை கிழிந்தாலே உத்தரவாதம் போய்விடும் என்பது போன்ற வாசகங்களுக்காக, வாகனம், கைபேசி, வீடியோ விளையாட்டுக் கருவி ஆகியவற்றை விற்கும் ஆறு நிறுவனங்களை அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-இல் எச்சரித்தது. ரூட்டருக்கும் அந்நெறியே பொருந்த வேண்டும். மாற்றம் நிகழ்ந்தது என்பது வேறு, அம்மாற்றமே பழுதை விளைவித்தது என்பது வேறு என்பதால், பின்னதை மெய்ப்பிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையதாகவே இருத்தல் வேண்டும்.