கோடை இடிமழையும் அதனைக் கணக்கெடுக்கும் அன்பர்களும்

தமிழ்நாட்டில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 92 ஸென்டிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிஸம்பர் முடிய வடகிழக்குப் பருவக் காற்றினால் கிடைக்கிறது. மார்ச்சு, ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களிலும் சேர்ந்து கிடைப்பது சுமார் 13 ஸென்டிமீட்டரே. அளவில் ஏழில் ஒரு பங்கேயாயினும், இக்கோடை மழையைப்போல் குடியானவனுக்கு நன்மையையும் தீமையையும் ஒருங்கே கொணர்வது வேறொன்றில்லை. புன்செய்யில் ஓர் உழவு மழை பெய்தால் கோடை உழவு நடக்கிறது, களை மடிகிறது, மண்ணுள் உறங்கும் புழுக்கூடுகள் வெயிலிற் காய்கின்றன. அதே மழை சூறைக் காற்றோடு வந்தால், குலை தள்ளிய வாழைத் தோட்டம் கால் மணி நேரத்தில் தரையோடு சாய்கிறது. தஞ்சைப் பகுதியில் நெல்லறுத்த தாளில் விளைந்து முற்றிய உளுந்து நெற்றிலேயே முளைக்கிறது. களத்திற் காயும் மிளகாய் நிறம் கெடுகிறது.

இத்தகைய மழையை இரவு பகலாகக் கவனித்துக் கணக்கெடுக்கும் ஒரு கூட்டத்தார் சமீப காலத்தில் நம் நாட்டில் பெருகியுள்ளனர். இவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அல்லர். ஆசிரியர், குமாஸ்தா, மாணாக்கர், வியாபாரி எனப் பல தொழிலினர். வீட்டு மாடியில் மழைமானி வைத்திருப்பர். ரேடார்ப் படத்தை ஓயாது பார்த்திருப்பர். “இன்ன மலையடிவாரத்தில் இடிமேகம் எழும்பிவிட்டது, இன்ன திசை நோக்கி நகர்கிறது” என்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புவர். 2015-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 ஸென்டிமீட்டர் மழை பெய்து சென்னை வெள்ளத்தில் மூழ்கிய காலமுதல் இவர்களுடைய சொல்லைப் பொது ஜனங்கள் பெரிதும் எதிர்பார்க்கலாயினர். இப்பொழுது கிராமத்துக் குடியானவரும் கைத்தொலைபேசியில் இவர்களது செய்தியைப் பார்த்த பின்னரே மருந்து தெளிக்கவும் அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லியனுப்பவும் தலைப்பட்டுள்ளனர். ஆகையால் இவர்களைப் பற்றி நமது இலாகாவினரும் குடியானவரும் ஒரு தெளிவான அபிப்பிராயம் கொள்ளுதல் அவசியமாகிறது.

“இது வேலையற்றோர் பொழுதுபோக்கு, வானிலை இலாகா இருக்கையில் இவர்கள் எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். இக்கேள்வி சரித்திரம் அறியாதது. 1786-ஆம் வருஷத்தில் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வான் நோக்கு நிலையம் அமைத்தவர் கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர். அவருடைய தனி முயற்சியிலிருந்தே 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியாரின் நிலையம் பிறந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸைமன்ஸ் என்பவர் 1860-இல் சில நூறு பேருக்கும் குறைவான மழை அளப்போரைக் கொண்டு தொடங்கிய வேலை, 1900-இல் அவர் இறக்கும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டதாயிருந்தது. பாதிரிமாரும் பண்ணைக்காரரும் தோட்டக்காரருமே அதில் அளந்தனர். ஆர்வமுடையோர் வழிகாட்டச் சர்க்கார் பின்பற்றிய துறைகளில் வானிலையும் ஒன்று.

மேலும், கோடை இடிமழையின் இயல்பே பலருடைய கண்களை வேண்டுவது. பகல் வெயிலில் தரை கொதிக்க, அதன்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்நாட்டுக்குள் நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் இதுவும் சந்திக்கும் இடத்திலும், ஜவ்வாது மலை, கொல்லி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை போன்றவற்றின் சரிவுகளிலும் காற்று மேல்நோக்கித் தள்ளப்பட்டு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை மேகம் கோபுரம்போல் வளர்கிறது. அதனுள் திரண்ட நீரும் பனிக்கட்டியும் தாங்காமல் விழும்போது குளிர்ந்த காற்றையும் உடன் இழுத்துக் கொண்டு இறங்குகின்றன. அக்காற்றுத் தரையில் மோதி நாற்புறமும் பாய்வதே வாழையைச் சாய்க்கும் சூறை. தனித்த ஒரு மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குட்பட்டது. அதன் அகலம் சில கிலோமீட்டரே. எனவே ஓர் ஊரில் வாய்க்கால் நிரம்பி ஓட, அடுத்த ஊரில் புழுதி பறப்பது இயற்கை.

ஒரு தாலூகாவுக்கு ஒன்றிரண்டு மழைமானிகளே இருக்குமானால் இத்தகைய மழை கணக்கில் அகப்படாமலே போகும். அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்து போர்ட் காலின்ஸ் என்னும் நகரில் 1997-ஆம் வருஷம் ஜூலை 28-ந் தேதி பெய்த மழையில் ஐவர் மாண்டனர். நகரின் ஒரு புறத்தில் 14 அங்குலத்துக்கு மேலும், சில மைல் தள்ளி மறுபுறத்தில் இரண்டங்குலத்துக்குக் குறைவாகவும் பெய்திருந்தது. இது கண்டு மறு வருஷமே அங்குள்ள காலநிலை நிபுணர்கள் பொது ஜனங்களைக் கொண்டு மழை அளக்கும் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். இன்று அது அத்தேசமெங்கும் பரவியிருக்கிறது. நம்மிடத்திலும் 2023 டிஸம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 ஸென்டிமீட்டர் பதிவாக, அருகிலுள்ள திருச்செந்தூரில் 69 ஸென்டிமீட்டரே பதிவாயிற்று. பருவமழையிலேயே இவ்வளவு வேற்றுமையெனில் கோடை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வன்பர்களைப் பற்றிக் குறை கூறவேண்டிய இடமும் உண்டு. இவர்களிற் பலர்க்குப் பெருமழை என்பது ஒரு திருவிழா. பதிவான அளவு கூடக்கூட உற்சாகமும் கூடுகிறது. வாழை பயிரிட்டவனுக்கோ அது இழவு. மழை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவோர், காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு நேரம் அடித்தது, ஆலங்கட்டி விழுந்ததா, மரங்கள் சாய்ந்தனவா என்பவற்றை எழுதுவதில்லை. இவ்விவரங்களே பயிர்ச் சேதத்தைக் கணக்கிடவும், எந்த ஊரில் எந்த மாதத்தில் முட்டுக்கொடுப்பது அவசியம் என்று முடிவு செய்யவும் உதவுவன. அன்றியும், பிழைத்துப்போன முன்னறிவிப்பை மறந்து, பலித்ததை மாத்திரம் பறைசாற்றுவோர் சிலர் உளர். அவர்களால் உண்மையாக உழைப்போர்க்கும் கெட்ட பெயர் வருகிறது. தம் பெயரை வெளியிட்டு, தவறியதையும் ஒப்புக்கொண்டு, ஆபத்துக் காலத்தில் வானிலை இலாகாவின் எச்சரிக்கையைப் பின்பற்றச் சொல்வோரின் வார்த்தையையே குடியானவர் மதித்தல் வேண்டும்.

குடியானவரும் ஒன்றை உணர்தல் வேண்டும். முன்னறிவிப்பு ஒரேவிதமானதன்று. ஒரு வாரத்துக்கு முன் சொல்லக்கூடியது, “இவ்வாரம் இடிமழைக்கு ஏற்ற நிலை உண்டு” என்பதே. செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையும், கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வட்டார வாரியாகத் தரும் முன்னறிவிப்பும் இவ்வகையின. இதைக் கொண்டு அறுவடை, மேலுரம், மருந்து தெளிப்பு ஆகியவற்றை முன்பின் மாற்றிக் கொள்ளலாம். வாழைக்குச் சவுக்கு அல்லது மூங்கில் முட்டுக் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு முன் சொல்வது ஜில்லா அளவில் நிற்கும். இதைக் கொண்டு களத்து வேலையை ஒழுங்குசெய்யலாம். “நம்மூரில் பெய்யுமா?” என்ற கேள்விக்கு விடை ஓரிரண்டு மணி நேரத்துக்கு முன்னரே கிடைக்கும், அதுவும் ரேடாரில் மேகம் தோன்றிய பின்பே. அப்போது செய்யக்கூடியது காய்வதை மூடுதலும், மாடுகளைக் கொட்டிலிற் கட்டுதலும், ஆட்கள் வயலைவிட்டு வெளியேறுதலுமே. மூன்றாவது வகையிடத்தில் முதல் வகையின் பயனை எதிர்பார்த்து ஏமாந்தபின் முன்னறிவிப்பையே பழித்தல் நியாயமன்று.

மின்னலைப் பற்றித் தனியே கூறவேண்டும். இந்தியாவில் வருஷந்தோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கின்றனர். அவர்களில் வயலில் வேலை செய்வோர் மிகப் பலர். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே மூன்று விநாடி சென்றால் ஒரு கிலோமீட்டர் தூரம் என்பது கணக்கு. முப்பது விநாடிக்குட்பட்டால் உடனே வீட்டுக்குள் செல்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை வெளிவராதிருக்க. புளியமரத்தடியில் ஒதுங்குதல் கூடவே கூடாது. புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிச் சாலையார் வெளியிட்டுள்ள ‘தாமினி’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி, அருகில் மின்னல் விழுவதை அறிவிக்கிறது. மேகத்தைப் படம்பிடிக்க மொட்டை மாடியிலும் வெட்டவெளியிலும் நிற்கும் இளைஞர்களுக்கும் இப்புத்திமதி பொருந்தும்.

இனிச் செய்யத்தக்கது யாது? என் அபிப்பிராயத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மழைமானியும், ஒரு நோட்டுப் புத்தகமும், அதில் தவறாமல் எழுதும் ஒருவரும் இருத்தல் வேண்டும். மரம், சுவர் முதலியவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரம் விலகிய திறந்த வெளியில், விளிம்பு தரைக்கு ஓரடி உயரத்தில் இருக்குமாறு மழைமானியை நிறுத்துக. தினந்தோறும் காலை 8-30 மணிக்கு அளந்து எழுதுக. மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுதல் மிக முக்கியம். எழுதாத நாளுக்கும் பெய்யாத நாளுக்கும் வித்தியாசம் தெரியாத புத்தகத்தால் பிரயோஜனமில்லை. ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் நாலாயிரம் லிட்டர் தண்ணீராகும். இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இக்கணக்கு அறிந்தவன் மறுநாள் மோட்டாரை வீணே ஓட்டான்; மேலோடு நனைந்த மண்ணைக் கண்டு விதைத்தும் ஏமாறான்.

இந்தப் புத்தகங்களை ஆராய்ந்து ஒழுங்குசெய்ய நமது இலாகாவில் ஆட்கள் குறைவு என்பது உண்மையே. அங்கேதான் வானிலை அன்பர்களின் துணை நமக்கு வேண்டும். கணக்கெடுப்பதில் அவர்களுக்குள்ள சிரத்தையும், பயிரைப் பற்றி நமக்குள்ள அறிவும் இன்று தனித்தனியே நிற்கின்றன. வட்டாரந்தோறும் ஓர் அன்பரை அழைத்து, கிராமத்தாருக்கு அளக்கும் முறையைக் கற்பிக்கச் சொல்லலாம். அவருக்கு நாம் காற்றாலும் ஆலங்கட்டியாலும் விளையும் சேதத்தை எவ்வாறு குறிப்பது என்று கற்பிக்கலாம். அவ்வாறு பத்து வருஷம் எழுதிய ஒரு கிராமம், தன் வாழையை எம்மாதத்தில் நட்டால் குலை தள்ளும் பருவம் சூறைக்குத் தப்பும் என்பதைத் தன் புத்தகத்திலிருந்தே அறியும். கோடை மழையைத் தடுப்பதும் வரவழைப்பதும் நம் கையில் இல்லை. அளந்து எழுதி வைப்பது நம் கையில் உள்ளது. வரும் பங்குனியிலேயே இதைத் தொடங்குமாறு குடியானவர்களைக் கேட்டுக் கொள்கிறேன்.