தோள்வாரின் கொக்கியை நம்பலாமா?

பார வண்டியின் சக்கரம் கழன்று ஓடாமல் காப்பது விரல் நீளமுள்ள கடையாணிதான். துப்பாக்கிக்கும் இது பொருந்தும். மூன்று அல்லது நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கியைத் தோளில் தாங்குவது வார் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் அந்தப் பாரம் முழுவதும் வாரின் இரு முனைகளில் உள்ள சிறு கொக்கிகளின் மேல்தான் விழுகிறது.

காட்டுப் பன்றிகளால் கிழங்கும் வாழையும் அழியும் கேரளத்தில், உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு அவற்றைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. குடகிலும் தோட்டக்காரர் வீடுகளில் துப்பாக்கி உண்டு. தமிழ்நாட்டில் விவசாயிகள் தாமாகவே பன்றியைச் சுடச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்றோர் எங்கிருந்தாலும் கொக்கியைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

இரண்டு வகை

நொடியில் மாட்டிக் கழற்றும் கொக்கிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்றில், துப்பாக்கிக் கட்டையில் திருகிய ஆணியின் துளை வழியே ஸ்பிரிங் முள் ஒன்று நுழைந்து நிற்கும். அது தானே விலகாதபடி ஒரு திருகுமூடி காக்கும். மற்றொன்றில், பொத்தானை அழுத்தினால் சிறு எஃகுக் குண்டுகள் உள்வாங்கிக் கொக்கி கழலும். விட்டால் அவை வெளியே வந்து குழிக்குள் பற்றிக்கொள்ளும்.

பழுது எங்கே?

முதல் வகையில் திருகுமூடியை இறுக்க மறப்பதே பெரும் தவறு. புதரில் உரசினால் முள் பின்வாங்கி வளையம் கழன்றுவிடும். இரண்டாம் வகையில் சேறும் துருவும் குழிக்குள் சேர்ந்தால் குண்டுகள் முழுதாக வெளிவருவதில்லை. மாட்டியதுபோல் தோன்றும், பாரம் ஏறினால் விட்டுவிடும். இரண்டுக்கும் பொதுவான பழுது கட்டையில் உண்டு. மழையில் ஊறி வெயிலில் காய்ந்த மரத்தில் ஆணியின் பிடி தளர்ந்துபோகும். அப்போது கொக்கி எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை.

துப்பாக்கி விழுந்தால் நட்டம் குறிதவறுவதோடு நிற்காது. தொப்பி பொருத்திய பழைய வாய்வழி மருந்துத் துப்பாக்கியில், சுத்தி அடிபட்டால் வெடித்துவிடக் கூடும். அருகில் நிற்பவர் உயிருக்கே அது ஆபத்து.

எது ஏற்றது?

வார் புதரில் மாட்டாமல் இருக்கவும், உறையிலிட்டு எடுத்துச் செல்லவும் கழற்றும் கொக்கி வசதியானது என்பதை மறுக்க இயலாது. வாரை அடிக்கடி கழற்றுகிறவர்களுக்கு அது வேண்டியதே. ஆனால் இரவுக் காவலுக்கு வயலையும் தோட்டத்தையும் சுற்றிவருபவருக்கு நிலையாகப் பொருத்திய வளையமே போதும். உறுப்புகள் குறைந்தால் பழுதும் குறையும். கழற்றும் வகைதான் வேண்டும் என்போர் திருகுமூடி உள்ளதையே தேர்ந்தெடுப்பது நலம். மலிவான வார்ப்பு உலோகக் கொக்கியை விட எஃகுக் கொக்கியே மேல்.

செய்ய வேண்டியவை

துப்பாக்கியில் மருந்தோ தோட்டாவோ இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். பிறகு கோணிப்பை விரிப்பின் மேல் தாழ்வாகப் பிடித்து, ஒவ்வொரு கொக்கியையும் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் முள்ளையும் குழியையும் துடைத்து ஒரு துளி எண்ணெய் இடவேண்டும். ஆணி ஆடினால் தீக்குச்சியைச் செருகி இறுக்குவது கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிச் சரிசெய்வதே முறை. கொக்கி எத்தனை நல்லதானாலும், தோளில் தொங்கவிட்டு நடக்கையில் துப்பாக்கியைக் கெட்டித்த நிலையில் வைத்திருத்தல் ஆகாது.

ஏர் பூட்டும் விவசாயி பூட்டாங்கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே மாட்டை ஓட்டுகிறார். அதே பழக்கம் துப்பாக்கியின் வாருக்கும் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு நிமிடம் போதும்.